வாயில் ஒரு கிராம்பு

சிக்கந்தர் திட்டாமல் சோறு போட்ட முதல் நாள், துறைமுகத்துக் கூலிகளில் பாதிப் பேர் அவனுக்குக் காய்ச்சல் என்றே நினைத்தார்கள். ஒருவன் எட்டி நெற்றியில் கைவைத்துக்கூடப் பார்த்தான். பினாங்குத் துறைமுகத்தில், கடலைப் பார்த்த அங்சானா மரத்தடியில், பத்து வருஷமாகக் காவுதடியை இறக்கி நாசி கண்டார் சோறு விற்கிறவன் அவன். தடியின் ஒரு பக்கக் கூடையில் சோறு, மறுபக்கக் கூடையில் மீன் குழம்பு, மீன்சினைக் கறி, வெண்டைக்காய், அவித்த முட்டை. விடிந்து வெயில் ஏறுவதற்குள் சட்டிகள் காலியாகிவிடும். அதற்குக் கறியின் ருசி பாதிதான் காரணம். மீதிப் பாதி அவன் வாய்.

அந்த வாயைப் பற்றிச் சொல்வதென்றால் சிலவற்றை மரியாதைக்காக விட்டுவிட வேண்டியிருக்கும். தட்டை நீட்டிய எவனையும் அவன் சும்மா விட்டதில்லை. இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டவனை, "ஒன் வவுறு என்ன கிடங்கா? கப்பலு மூட்டையெல்லாம் எறக்கிட்டுத்தான் கதவ சாத்துவியா?" என்பான். இதெல்லாம் வெள்ளிக்கிழமைப் பேச்சு. மற்ற நாட்களில் அவன் ஆளைப் பிடித்து, ஆளின் அப்பனைப் பிடித்து, அங்கிருந்து படிப்படியாக மேலேறிப் போவான். கேட்டவர்கள் குனிந்த தலையோடு சிரித்துக்கொண்டே தின்பார்கள். மூட்டை சுமந்து முதுகு ஒடிகிற ஜனங்களுக்கு, மேஸ்திரி திட்டினால் எரிகிறது, சிக்கந்தர் திட்டினால் பசிக்கிறது. இது என்ன கணக்கோ, அவர்களுக்குத்தான் வெளிச்சம்.

அப்படிப்பட்டவன் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. தொங்கான் படகிலிருந்து அரிசி மூட்டை இறக்குகிற அய்யாக்கண்ணு, ஆறடி உயரத்துக்கும் அதற்கேற்ற குரலுக்கும் பேர்போனவன், வழக்கம்போலத் தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து பாய், கையி என்ன சுருங்கிப்போச்சா?" என்றான். கேட்டுவிட்டு, வரப்போகிற வசவுக்காக முகத்தை முன்கூட்டியே சிரிப்பாக்கி வைத்துக்கொண்டான். சிக்கந்தர் ஒரு கரண்டி குழம்பை ஊற்றிவிட்டு அடுத்த தட்டைப் பார்த்தான். அய்யாக்கண்ணு குழம்பைப் பார்த்தான், சிக்கந்தரைப் பார்த்தான். வைத்துக்கொண்ட சிரிப்பை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"பாய், ஒடம்புக்கு முடியலையா?"

சிக்கந்தர் தலையை மட்டும் ஆட்டினான். அவன் இடது கன்னத்தில் ஒரு கிராம்பு ஒதுங்கியிருந்தது. அது யாருக்கும் தெரியாது.

விஷயம் இதுதான். முந்தின நாள், குர்ஆன் ஓதிக்கொடுக்கிற அம்மா சிக்கந்தரின் ஏழு வயது மகள் காமாரியாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றார். எழுத்தைத் தப்பாக வாசித்ததற்காகப் பிள்ளையின் விரலில் லேசாகத் தட்டியிருக்கிறார். பிள்ளை நிமிர்ந்து பார்த்து, அங்சானா மரத்தடியில் அய்யாக்கண்ணுவுக்கு விழுகிற வசவு ஒன்றை, ஒரு சொல் குறையாமல், அதே இழுவையோடு சொல்லியிருக்கிறது. அந்த அம்மாவுக்கு அறுபது வயது. அப்படி ஒரு சொல்லை அவர் தன் வாழ்நாளில் முழுதாகக் கேட்டதில்லை. சிக்கந்தரின் மனைவி சலேஹா பிள்ளையை முன்னால் நிறுத்தி, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாள். காமாரியா பெருமையாக, "வாப்பா" என்றாள்.

இதற்கே அவன் வெட்கப்பட்டுத் தலைகுனிந்திருந்தால் காரியம் அத்தோடு முடிந்திருக்கும். அவன் என்ன செய்தான்? சிரித்தான். சும்மா சிரிப்பல்ல, தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். பிள்ளை சொன்ன அழகை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டான். ஓதிக்கொடுக்கிற அம்மா முகம் சுளித்து ஏதோ சொன்னதும், அவரையும் இரண்டு சொல் சொல்லி வாசலைக் காட்டினான். அந்த அம்மா முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டு தெருவில் இறங்கிப் போனதைச் சலேஹா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு உள்ளே போய்ப் பெட்டியை எடுத்தாள்.

சலேஹாவின் வாப்பா கடையநல்லூர்க்காரர், உம்மா பாலிக் புலாவ் மலாய்க்காரி. கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் உயரும், அவளுக்கு இறங்கும். அன்றைக்கு அவள் பேசியது பக்கத்து அறைக்குக்கூடக் கேட்டிருக்காது.

"ஒங்க வாயி ஒங்களோட இருக்கட்டும்னு எட்டு வருஷம் பொறுத்தேன். பாசார்லே பேசறது பாசார்லேயே நிக்கணும்லா. இப்ப எம் புள்ள வாயிலே வந்து குந்திட்டு."

"சின்னப் புள்ள ஏதோ சொல்லிட்டா. அதுக்குப் பெட்டிய எடுக்கணுமா?"

"புள்ள சொன்னதுக்கு எடுக்கலே. நீங்க சிரிச்சதுக்கு எடுக்கிறேன்."

அவனுக்கு வாயில் வந்த சொற்கள் எல்லாம் திட்டாகவே வந்தன. வேறு சொல் தேடிப் பார்த்தான். பத்து வருஷமாகப் புழங்காத சொற்கள், உடனே கிடைக்கவில்லை. சலேஹா பிள்ளையின் பாவாடையை மடித்து வைத்துக்கொண்டே சொன்னாள்: "நாப்பது நாளு. யாரையும், எதையும், ஒரு கெட்ட வார்த்தை சொல்லக்கூடாது. நாப்பதாம் நாளு பாலிக் புலாவ்லே அண்ணன் கம்போங்குக்கு வாங்க. நானும் புள்ளையும் ஒங்களோட வாறோம்."

"நடுவிலே தவறிட்டா?"

"மறுபடி ஒண்ணுலேருந்து."

"நா சொன்னேனா இல்லையான்னு நீ எப்புடிக் கண்டே? ஒன் அண்ணன் பஷீரக் காவல் போடப் போறியா?"

சலேஹா பெட்டியை மூடினாள். "காவல் எதுக்கு? நீங்கதானே வந்து சொல்லப் போறீங்க," என்றாள்.

அந்தச் சொல்தான் அவனை மாட்டிவிட்டது. காவல் போட்டிருந்தால் காவலை ஏமாற்றியிருப்பான், அதில் அவன் கெட்டிக்காரன். நம்பிவிட்டுப் போனவளை என்ன செய்வது?

முதல் வாரம் நரகம். கிராம்பு யோசனை அவனுடையதுதான். கறிக்குப் போடுகிற சாமானில் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால், சொல் வரும்போது கடிக்கலாம். கடித்தால் நாக்கு மரத்துப்போகும். முதல் நாள் பதினேழு கிராம்பு கடித்தான். மத்தியானம் வீடு திரும்பிச் சோறு தின்றால் ருசியே தெரியவில்லை. ஒற்றை ஆளுக்கு அந்த அறை பெரிதாக இருந்தது. காமாரியாவின் மரச் செருப்பு ஒன்று கதவோரம் கிடந்தது, ஜோடி இல்லாமல். அதை எடுத்து வைக்கவும் மனசு வரவில்லை, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

வியாபாரமும் படுத்தது. திட்டாத சிக்கந்தரிடம் தின்ன யாருக்கும் பிடிக்கவில்லை. "கொழம்பு என்னமோ சப்புனு இருக்கு," என்றான் ஒருவன். குழம்பு அதே குழம்பு. பத்து நாளில் சோற்றுக்கூடையில் கால்வாசி மிஞ்ச ஆரம்பித்தது. மிஞ்சின சோற்றோடு காவுதடியைத் தோளில் ஏற்றும்போது, அவனுக்கே தன்மேல் எரிச்சலாக வந்தது. நல்லவனாக இருப்பதற்கு இவ்வளவு செலவா?

ஆனால் பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ அவன் ஒன்றைக் கவனித்தான். கோபம் முதலில் நாக்குக்கு வருவதில்லை. முதலில் காது மடல் சுடுகிறது. பிறகு கையில் இருக்கிற கரண்டி சட்டி விளிம்பில் டக்கென்று இடிக்கிறது. அதற்கப்புறம்தான் நாக்கு. இத்தனை வருஷமாக அந்த டக் என்கிற சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது, அது என்னவென்று அவன் கேட்டதில்லை. இப்போது கேட்டான். கரண்டி இடித்த உடனே அதைக் கீழே வைத்தான். தோளில் கிடந்த துண்டில் இரண்டு கையையும் துடைத்தான், ஒவ்வொரு விரலாக. மறுபடி கரண்டியை எடுக்கும்போது, சொல்ல வந்தது பாதி கரைந்துபோயிருந்தது. மீதிப் பாதிக்குக் கிராம்பு போதும். ஒரு நாளைக்குப் பதினேழாக இருந்த கிராம்பு ஒன்பதானது, ஐந்தானது.

விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது. பாலிக் புலாவிலிருந்து டுரியான் கொண்டுவருகிற எவனோ சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான், துறைமுகத்துக்கே மூக்கு வியர்த்துவிட்டது. யார் சிக்கந்தரின் வாயைத் திறக்கவைப்பது என்று போட்டி. போன கூட்டமெல்லாம் திரும்பி வந்தது. குழம்பில் தலைமுடி என்றான் ஒருவன். நேற்றைய மீனைச் சுடவைத்து ஊற்றுகிறான் என்றான் ஒருவன். தட்டைக் கழுவாமல் எறிந்தான் ஒருவன். சிக்கந்தர் கரண்டியைக் கீழே வைத்துக் கையைத் துடைப்பான், கூட்டம் "ஹோ"வென்று கத்தும். சொல்லப்போனால், அந்தக் கத்தலில் அவனுக்கு ஒரு சுகம்கூட வந்துவிட்டது. எல்லோரும் பார்க்க ஒருவன் அசையாமல் நிற்பது என்றால் சும்மாவா? வீடு திரும்பும்போது நெஞ்சை நிமிர்த்தி நடந்தான்.

போட்டியில் முதல் ஆள் அய்யாக்கண்ணு. தினம் புதிதாக ஒன்று யோசித்துக்கொண்டு வருவான். இருபத்து மூன்றாம் நாள் அவனுக்கு யோசனை தீர்ந்துபோயிருக்க வேண்டும். தட்டை நீட்டிக்கொண்டே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "என்ன பாய், பொண்டாட்டி ஓடிப்போயிட்டாளாமே, நெசமா?" என்றான்.

கூட்டம் கத்தவில்லை. கரண்டி சட்டி விளிம்பில் டக்கென்று இடித்தது. சிக்கந்தர் அதைக் கீழே வைத்தான். கையைத் துடைத்தான். துடைத்த கையை மறுபடி துடைத்தான். கிராம்பு பல்லுக்கிடையில் பொடியாகி நாக்கெல்லாம் பரவியது, கண்ணில் தண்ணீர் நின்றது. பிறகு கரண்டியை எடுத்து, குழம்பை ஊற்றி, வழக்கமாக வைக்கிற வெண்டைக்காயையும் வைத்துத் தட்டை அய்யாக்கண்ணுவிடம் கொடுத்தான். அய்யாக்கண்ணு அன்றைக்குப் பாதிச் சோற்றைத் தின்னாமல் காக்கைக்குப் போட்டான். தட்டை அவனே குழாயடிக்குக் கொண்டுபோய்த் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

அதற்கப்புறம் ஒரு வாரம் அவனைக் காணவில்லை. முப்பத்தோராம் நாள், எல்லாரும் தின்றுவிட்டுப் போனபிறகு, மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து வந்தான். தட்டு இல்லை கையில்.

"பாய், நா ஒண்ணு கேப்பேன். மாட்டேன்னு சொல்லக்கூடாது."

"என்ன?"

"என்னத் திட்டிரு பாய். ஒரே ஒரு தடவ. நல்லா நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி. யாருமில்ல, நீயும் நானும்தான். நா யாருகிட்டயும் சொல்லமாட்டேன், தண்ணீர்மலை முருகன் மேல சத்தியம். அன்னிக்குப் பேசினதுலேருந்து எனக்குச் சோறு எறங்கல, தூக்கமும் வரல."

ஆறடி மனிதன் அப்படித் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவனைத் திட்டினால் அது புண்ணியம் என்றே சிக்கந்தருக்குத் தோன்றியது. அன்றைய கோபத்துக்கு வேண்டிய சொற்களெல்லாம் ஒன்று குறையாமல் உள்ளே அடுக்கியிருந்தன. அவன் கரண்டியைத் தேடினான், அது ஏற்கெனவே கழுவிக் கூடைக்குள் போய்விட்டிருந்தது. கடைசியில் சட்டியில் ஒட்டியிருந்த சினைக் கறியை வழித்து, மிஞ்சின சோற்றோடு ஒரு இலையில் வைத்துக் கொடுத்தான்.

"தின்னு. இன்னும் ஒம்பது நாளு இருக்கு. அதுக்கப்புறம் சேத்துவச்சுத் தாறேன்."

அய்யாக்கண்ணு சிரித்தான். அழுதான் என்றும் சொல்லலாம், இரண்டும் ஒரே முகத்தில்தான் நடந்தது.

நாற்பதாம் நாள் சிக்கந்தர் காவுதடியை எடுக்கவில்லை. சந்தைக்குப் போய் நல்ல மீன்சினை வாங்கிவந்து, தன் கையாலேயே மசாலா அரைத்து, சலேஹாவுக்குப் பிடித்த மாதிரி புளி குறைத்துக் கறி வைத்தான். சின்ன மண்சட்டியில் ஊற்றி, இலையால் வாயைக் கட்டி, துணியில் முடிந்துகொண்டான். காமாரியாவுக்குப் பிசாங் மாஸ் வாழைப்பழம் ஒரு சீப்பு. அதையும் அதே முடிச்சில் மேலே கட்டினான். வெள்ளைச் சட்டை, புதுக் கைலி. பஸ்ஸில் உட்கார்ந்து, போய்ச் சேர்ந்ததும் என்ன சொல்வது என்று பழகிக்கொண்டே வந்தான். "நாப்பது. ஒண்ணு கொறையலே." இவ்வளவுதான். அதற்குமேல் பேசக்கூடாது, பேசினால் பெருமையடிப்பது மாதிரி ஆகிவிடும்.

பஸ் மலையில் பாதி ஏறியதும் புகைவிட்டு நின்றது. ஓட்டுகிறவன் இறங்கி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, ஆறட்டும், ஒரு மணி நேரம் ஆகும் என்றான். நாற்பது நாள் பொறுத்தவனுக்கு அந்த ஒரு மணி நேரம் பொறுக்கவில்லை. முடிச்சைத் தூக்கிக்கொண்டு நடந்தான். இரண்டு பக்கமும் டுரியான் மரங்கள், ஆள் நடமாட்டமே இல்லை. ஒரு வளைவில் கால்வலிக்கு முடிச்சைக் கல்மேல் வைத்துவிட்டு நிமிர்ந்து முதுகை நெளித்தான். அவ்வளவு நேரம்தான். மேலேயிருந்து ஒரு குரங்கு இறங்கியது, பழத்தைப் பிடித்து இழுத்தது. பழத்தோடு முடிச்சும், முடிச்சோடு சட்டியும் வந்தது. அவன் பாய்ந்து பிடிப்பதற்குள் சட்டி கல்லில் மோதி உடைந்து, சினைக் கறி முழுவதும் தார் ரோட்டில் சிவப்பாக ஓடியது. குரங்கு மரத்தில் ஏறி உட்கார்ந்து, அவனைப் பார்த்துக்கொண்டே ஒரு பழத்தை உரித்தது.

அவ்வளவுதான், திறந்துவிட்டது. காது சுட்டதா, கை இடித்ததா, ஒன்றும் தெரியாது, நேராக நாக்குதான். நாற்பது நாளாகத் தேங்கியதெல்லாம் மொத்தமாக வந்தது. முதலில் குரங்கு, அதன் தாய், அதன் வம்சம். அதற்கப்புறம் பஸ் ஓட்டுகிறவன். பிறகு தலைமுடி என்றவன், பழைய மீன் என்றவன், அய்யாக்கண்ணு. மலை எதிரொலித்தது. அடடா, அது எவ்வளவு சுகமாக இருந்தது! தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கிற மாதிரி அவன் திட்டினான். ஒருவரை முடித்ததும் அடுத்தவர் தானாக வரிசையில் வந்து நின்றார். கடைசியில் சலேஹா வந்தாள். என்னை இப்படி நாயாக அலையவிட்டவள் என்று ஆரம்பித்து, அவளைப் பற்றி ஒரு சொல் சொன்னான். கூலிகளிடம்கூட யோசித்துத்தான் அந்தச் சொல்லை எடுப்பான். அது மலையில் பட்டு அவன் காதுக்கே திரும்பி வந்தது. அவன் குரல்தான். இருபத்து மூன்றாம் நாள் அய்யாக்கண்ணு சொன்னது இதற்கு முன்னால் எம்மாத்திரம்?

அவன் அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டான். கன்னத்தில் கிராம்பு அப்படியே இருந்தது, கடிபடாமல்.

ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். ரோட்டோர ஓடையில் வாயைக் கொப்பளித்தான். பிறகு மனசு வக்கீல் வேலையை ஆரம்பித்தது. குரங்குக்குத் தமிழ் தெரியுமா? மனுஷன் காதில் விழாத சொல் சொல்லா? யாரையும் என்றாள், எதையும் என்றாள். எதையும் என்றால் குரங்குமா? சரி, குரங்கும்தான் என்று வைத்துக்கொள்வோம், யார் கண்டது? நாற்பது என்று சொல்லிவிட்டால் இன்றைக்கே சலேஹாவும் பிள்ளையும் கூட வந்துவிடுவார்கள். ஒற்றைச் செருப்புக்கு ஜோடி வந்துவிடும். இல்லையென்றால் இன்னும் நாற்பது நாள் அந்த அறை, அந்த ருசியில்லாத சோறு. எழுந்து நடந்தான். நடக்க நடக்க இன்னொன்றும் தோன்றியது, அது அவனுக்குப் பிடிக்கவில்லை. துறைமுகத்தில் நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கத்தினார்கள், அதில் அவன் நின்றான். இங்கே யாரும் இல்லை, ஒரு நிமிஷம்கூட நிற்க முடியவில்லை. அப்படியானால் அங்கே வாயைக் கட்டியது யார், நானா, அந்தக் கூட்டமா?

பஷீரின் வீடு ஜாதிக்காய்த் தோப்புக்குள், மரத்தூண்மேல் நிற்கிற பலகை வீடு. காமாரியா அவனைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. "வாப்பா, நா இப்ப கெட்ட வார்த்தையே பேசமாட்டேன், தெரியுமா? நேத்து ஒண்ணு வந்துச்சு, முழுங்கிட்டேன்," என்றாள் மழலையாக, விழுந்த பல்லின் சந்தில் காற்று போக. அவன் கையில் ஒன்றுமில்லை என்பதை அவள் கவனிக்கவே இல்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் படிக்கட்டுப் பக்கத்துப் பலகைச் சுவரைக் காட்டினாள். "இங்க பாருங்க, உம்மா போட்டது."

சுவரில் கரிக்கோடுகள். ஐந்தைந்தாக, ஒழுங்காக, ஒன்றுக்கொன்று பக்கத்தில். எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை, ஆனாலும் எண்ணினான். முப்பத்தொன்பது. ஒவ்வொரு நாள் சாயங்காலமும், மலைக்கு அந்தப் பக்கம் அவன் என்ன பேசினான் என்று தெரியாமலே, பேசியிருக்கமாட்டான் என்று ஒரு கோடு. முதல் வாரக் கோடுகள் மெல்லிசாக, சந்தேகமாக இருந்தன. போகப்போகத் தடித்திருந்தன.

சலேஹா ஜாதிக்காய் நறுக்கிய கையோடு படியில் வந்து நின்றாள். இளைத்திருந்தாள். புதுக் கைலியைப் பார்த்தாள், வெள்ளைச் சட்டையில் தெறித்திருந்த கறியைப் பார்த்தாள். அவன் முகத்தில் எதையோ தேடினாள். சிரிக்கத் தயாராக இருந்த முகம் அது, அதுதான் அவனை ரொம்ப வதைத்தது.

"நாப்பதா?" என்றாள்.

பழகிவைத்த வார்த்தை நுனிநாக்கில் நின்றது. ஒரே வார்த்தைதான். வலது கை கரண்டியைக் கீழே வைக்கிற மாதிரி தானாக இறங்கியது. இரண்டு கையையும் கைலியில் துடைத்துக்கொண்டான், ஒவ்வொரு விரலாக.

"முப்பத்தொம்பது. வர்ற வழியிலே ஒரு கொரங்கு சட்டிய ஒடச்சிட்டு. அதத் திட்டிட்டேன்."

காமாரியா கலகலவென்று சிரித்தாள். சலேஹாவின் உதட்டோரம்கூட அசைந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். குரங்கு வரைக்கும் சொன்னதே உண்மைதானே?

"கொரங்கோட நிக்கலே," என்றான். "எல்லாரையும் திட்டினேன். கடைசியிலே ஒன்னையும் திட்டிட்டேன் சலேஹா. கேக்கக்கூடாத வார்த்தை. யாருமில்ல அங்க. சொல்லாம இருந்திருந்தா ஒனக்குத் தெரியாது."

சலேஹாவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. தோப்புக்குள் யாரோ இலை கூட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவன் தலையைக் குனிந்து படிக்கட்டின் கீழ்ப்படியில் உட்கார்ந்தான். போ என்றால் போகவேண்டியதுதான். நாளைக் காலையில் அய்யாக்கண்ணு வந்து நிற்பான், சேர்த்துவைத்ததைக் கொடு என்பான். அவனுக்கும் இன்னும் நாற்பது நாள் என்று சொல்லவேண்டும்.

கீழே ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. புகைவிட்டு நின்ற அதே பஸ், ஆறி வந்து சேர்ந்துவிட்டது. அரைமணியில் திரும்பிப் போகும், அதுதான் கடைசி. காமாரியா உம்மாவின் முகத்தையும் வாப்பாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். என்னவோ தப்பாகிவிட்டது என்று மட்டும் அவளுக்குப் புரிந்தது. தண்ணீர்த் தொட்டியோரம் கிடந்த தேங்காய் மட்டையை நனைத்து எடுத்துக்கொண்டு சுவர் பக்கம் போனாள்.

"உம்மா, எல்லாத்தையும் அழிச்சிரவா?"

சிக்கந்தர் நிமிரவில்லை. மட்டையிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்தது.

"அழிக்காதே," என்றாள் சலேஹா. குரல் இறங்கித்தான் இருந்தது, ஆனால் கோபத்தின் இறக்கம் இல்லை அது. "அது அங்கேயே கெடக்கட்டும். புதுக் கோட்டத் தள்ளிப் போடு."

அவள் உள்ளே போனாள். தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. ஒரு தட்டா இரண்டு தட்டா என்று அவனால் சொல்ல முடியவில்லை. காமாரியா மட்டையைக் கீழே போட்டுவிட்டு அடுப்புக் கரி ஒன்றைத் தேடி எடுத்தாள். முப்பத்தொன்பது கோட்டுக்குக் கீழே, தன் உயரத்துக்கு எட்டுகிற இடத்தில், நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு கோடு போட்டாள். அது கோணலாக வந்தது. பிறகு வந்து வாப்பாவின் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, அவன் கன்னத்தை விரலால் குத்தி, உள்ளே என்ன என்று கேட்டாள். அவன் சட்டைப் பையிலிருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு கிராம்பைக் கொடுத்தான். அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டவள், காரம் ஏறியதும் கண்ணை இறுக்கி மூடினாள். கண்ணோரம் தண்ணீர் வந்தது. கீழே பஸ் இரண்டாம் தடவை ஹாரன் அடித்தது. அவள் துப்பவில்லை.